ஒரு கையால் திறக்கிற பை

இன்று தஞ்சாவூர் கீழவாசலில், தூண்டில் சாமான் வைக்க ஒரு முதுகுப் பை தேடிக் கடைக்குள் நுழைந்தேன்.

அங்கே ஓர் அக்கா, ஐம்பது வயதிருக்கும். வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. பைகளை ஒவ்வொன்றாக இடது கையால் முதுகில் மாட்டி, குனிந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தூண்டில் சாமானுக்குப் பை வேண்டும் என்று நான் கடைக்காரரிடம் கேட்டதும் என் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் மீன் பிடிக்கத்தான் தம்பி. கை கதிரடிக்கிற மெஷின்ல போயிடுச்சு. அதுக்காக ஆத்துப்பக்கம் போகாம இருக்க முடியுமா?"

"ரீல் எப்படிக்கா சுத்துவீங்க?"

கடையில் கிடந்த குடையை வலது அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் சுற்றிக் காட்டினார். பிறகு போனில் ஒரு வீடியோ. வெண்ணாற்றங்கரையில் தூண்டில் வில்லாக வளைகிறது. அக்கா பின்வாங்கிப் பின்வாங்கி, தனியாகவே ஒரு பெரிய விராலைக் கரையில் இழுத்துப் போடுகிறார்.

கடைக்காரர் எழுந்து வந்து, "இன்னொரு தடவை போடுங்கம்மா" என்றார்.

கடைசியில் அகலப் பட்டை வைத்த பச்சைப் பையை எடுத்தார். "தோள் உறுத்தல. கீழ வச்சா சாயாம நிக்குது. ஒரு கையால ஜிப்பத் திறக்க அதுதான் வேணும்."

நானும் அதையே வாங்கினேன்.

"ஞாயித்துக்கிழமை வெண்ணாத்துக்கு வாங்க தம்பி, சேர்ந்து போடலாம்" என்று கூப்பிட்டிருக்கிறார். இரண்டு கைகளோடு நான் இதுவரை பிடித்ததெல்லாம் கெண்டைக் குஞ்சுகள். என் மானத்தைக் காப்பாற்ற யாராவது கூட வருகிறீர்களா?