ஐப்பசியில் அடித்த பாலிஷ்

தனியாக வேலை எடுத்துச் செய்யத் தொடங்கிய இரண்டாவது வருஷம், பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண வீட்டில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் பாலிஷ் அடிக்கப் போனேன். பெண்ணின் அப்பா குத்தகைக்கு நிலம் பிடித்துச் சம்பா போடுகிறவர். கொல்லையில் தானே வளர்த்த தேக்கை அறுத்து அந்தச் சாமான்களைச் செய்திருந்தார். "கலர் எதுவும் வேணாம் தம்பி. மரத்தோட ரேகை அப்படியே தெரியணும்" என்றார்.

விடாத அடைமழை. ஈரக்காற்றில் ஸ்ப்ரே செய்தால் பாலிஷ் வெளுத்துவிடும் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் வெயிலுக்குக் காத்திருந்தேன். மூன்றாம் நாள் அவர், "கல்யாணத்துக்கு ஆறு நாள்தான் இருக்கு தம்பி" என்று வந்து நின்றார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாட்டுக்கொட்டகையைத் தார்ப்பாய் கட்டி மறைத்துக் கம்ப்ரசரை ஓட்டினேன்.

அடித்தபோது பளபளவென்றுதான் இருந்தது. டீ குடித்துவிட்டுத் திரும்பினால், கட்டிலின் தலைமாட்டுப் பலகையிலும் பீரோ கதவுகளிலும் பாலைக் கொட்டியதுபோல வெள்ளை பூத்திருந்தது. நன்றாகக் காயவிட்டு, வெயில் வந்ததும் தின்னரை லேசாக அடித்தால் அது தெளிந்துவிடும். பதற்றத்தில் அதற்குப் பொறுமை இல்லை. முரட்டு உப்புத்தாளை எடுத்துத் தலைமாட்டுப் பலகையைக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்தேன். வெள்ளை போயிற்று. ஆனால் மரத்தில் ஆழமாகக் கீறல் விழுந்துவிட்டது.

பெண்ணின் அப்பா வந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். பலகையை ஒருமுறை தடவிவிட்டு, "நான்தான் அவசரப்படுத்திட்டேன்" என்று தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"தப்பு என்னுதுங்க" என்றேன்.

கல்யாணப் பெண் பேச்சுச் சத்தம் கேட்டு வந்தாள். மயிலாடுதுறையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பலகையைப் பார்த்தாள், எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள்.

"இதுக்கு என்ன வழிண்ணே?"

"பீரோ தெளிஞ்சிரும்மா. பலகையில கீறலைத் தேய்ச்சு எடுக்க நாள் பத்தாது, பட்டி வச்சு அடைச்சு பெயிண்ட்தான் அடிக்கணும். அடிச்சா தேக்குன்னே தெரியாது."

"தேக்குக்குப் போய் பெயிண்டா?" என்றார் அவள் அப்பா.

"நான் படுக்கப்போற கட்டில்தானேப்பா. தேக்குன்னு நமக்குத் தெரிஞ்சா போதாதா?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "மயில் நீலம் அடிங்கண்ணே. வெள்ளைச் சுவரையும் வெள்ளை பெட்ஷீட்டையும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு."

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறாளோ என்று தோன்றியது. கேட்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்குமேல் வெயில் வந்தது. தின்னர் அடித்ததும் பீரோ கதவில் வெள்ளை மெல்லக் கரைந்து ரேகை மேலே வந்தது. பலகைக்குப் பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் கொடுத்து, நீல எனாமலைப் பிரஷ்ஷால் இரண்டு கோட் இழுத்தேன். காலும் சட்டமும் தேக்காகவே இருந்தன. ஈரப் பெயிண்டில் கொசு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, பெண்ணின் அப்பா டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்து, பக்கத்திலேயே விசிறியோடு உட்கார்ந்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

சாமான்களை மாப்பிள்ளை வீட்டுக்கு வண்டியில் ஏற்றும்போது எதிர்வீட்டுக்காரர் கேட்டார்: "என்னங்க, கட்டில்ல நீலம் அடிச்சிருக்கீங்க?"

"பொண்ணு ஆசைப்பட்டுக் கேட்ட கலருங்க" என்றார் பெண்ணின் அப்பா. சொன்னபோது அவர் குரலில் வருத்தம் இல்லை. கயிற்றை இறுக்கக் கட்டச் சொல்லிவிட்டு, பலகைமேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்தினார்.