வங்கிக்குத் தைத்த மெத்தை

என் சித்தி ஜன்னல் திரைச்சீலை தைப்பவள். சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. சுவரோரம் தையல் இயந்திரம், நடுவில் கதவைவிட நீளமான வெட்டு மேசை, மூலைக்கு மூலை சுருட்டி நிறுத்திய துணிகள். உள்ளே வருகிறவர்கள் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். சித்தி மட்டும் கையை வீசி நேராக நடப்பாள். துணிகள் அவளைக் கண்டால் ஒதுங்கி நிற்கின்றன என்பார் சித்தப்பா.

அவள் தொழிலில் ஒரு பிடிவாதம் உண்டு. திரைச்சீலையைத் தைத்து எடுத்துப் போய் ஜன்னலில் மாட்டுவாள். ஆனால் கீழ் மடிப்பைத் தைக்க மாட்டாள். வெறும் குண்டூசியால் குத்திவிட்டு வந்துவிடுவாள். புதுத் துணி தன் கனத்தாலேயே கொஞ்சம் கீழே இறங்கும். கெட்டித் துணி என்றால் இரண்டு விரற்கடைகூட இறங்கும். அது இறங்குகிற வரை தொங்கவிட்டு, ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து மறுபடி போய், தரையில் முழங்காலிட்டு அளந்து, அதன் பிறகே மடிப்பைத் தைப்பாள். அதற்குப் பிறகுதான் கூலி வாங்குவாள். "துணி இறங்கட்டும்" என்பது அவள் வாயில் எந்நேரமும் இருக்கும். கல்யாணப் பேச்சோ, வேலை மாற்றமோ, யார் எதற்கு யோசனை கேட்டாலும் அதேதான் பதில்.

துணி தன் இஷ்டத்துக்கு இறங்கும். கடை வாடகையோ முதல் தேதி காலையில் அவள் வங்கிக் கணக்கிலிருந்து தானாக இறங்கிவிடும். அந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டதே பயத்தில்தான். கடையின் சொந்தக்காரர் கீழே இருக்கும் சைக்கிள் கடைக்காரர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. கையில் எப்போதும் சுத்தியலோ ஸ்பேனரோ இருக்கும். முன்பு மேலே குடியிருந்த தட்டச்சுப் பள்ளிக்காரர்கள் வாடகை தாமதித்ததால் அவர்களுடைய நாற்காலியைத் தெருவில் வீசிவிட்டார் என்று ஒரு பேச்சு. அதனால் சித்தி அவரிடம் வாடகையைப் பற்றி வாயே திறப்பதில்லை. வங்கி கொடுத்துவிடும், நமக்கெதற்கு வம்பு.

ஒரு மாதம், பல் மருத்துவமனை ஒன்றில் மாட்டிய கனத்த திரைகள் லேசில் இறங்கவில்லை. அந்தக் கூலி வந்து சேர்வதற்குள் முதல் தேதி வந்துவிட்டது. கணக்கில் ஒன்றுமில்லை. நான்கு நாள் தாமதமாக, கூலியைக் கையில் பிடித்துக்கொண்டு சித்தி வங்கிக்கு ஓடினாள். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "வாடகை அன்னைக்கே போயிடுச்சும்மா. உங்க கணக்குல இல்லன்னாலும் பேங்க்கே போட்டு அனுப்பிடுச்சு" என்றார். பின்னால் வரிசை நெருக்கியதால் மேலே பேச முடியவில்லை.

சித்திக்கு மனம் குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொன்னாள்.

"நம்மள மாதிரி ஆளுங்கதான் அங்கயும் இருக்காங்க. நான் மொதல்ல துணியக் குடுத்துட்டு அப்புறம் காசு வாங்குறேன். அவங்க மொதல்ல காசக் குடுத்துட்டு அப்புறம் வாங்கிக்கறாங்க."

சித்தப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். நாள் முழுக்கக் குழந்தைகள் கதையைக் கேட்டுப் பழகியவர் என்பதால் எதையும் லேசில் நம்ப மாட்டார். "பேங்க்கு உனக்கு என்ன மாமனா மச்சானா, சும்மா போட்டுக் குடுக்க?" என்றார்.

"உங்களுக்கு யாரும் நல்லது செஞ்சா ஆகாது."

அன்று மாலை உட்கார்ந்து ஒரு நாற்காலி மெத்தை தைத்தாள். கவுண்டர் பெண் நாற்காலியின் நுனியில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பதை அவள் கவனித்திருந்தாள். மிச்சத் துணியில் அல்ல, முழுத் துணியில் வெட்டி, ஓரத்துக்குச் சுருக்கு வைத்து, நாற்காலியில் கட்ட நாடாவும் தைத்தாள். அடுத்த வாரம் நானும் கூடப் போனேன்.

மெத்தையைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. வாங்கவும் முடியவில்லை, வேண்டாமென்று சொல்லவும் முடியவில்லை.

"அம்மா, பேங்க் அத சும்மா செய்யலம்மா," என்றார் குரலைத் தாழ்த்தி. "இருக்குறதுக்கு மேல ஒவ்வொரு தடவ காசு போகும்போதும் ஒரு கட்டணம் பிடிப்பாங்க. ஓவர்டிராஃப்ட்னு பேரு. போன்ல மெசேஜ் வந்திருக்குமே?"

வந்துதான் இருந்தது. சித்திக்குப் படிக்கத் தெரியாத மொழியில் வந்ததால், ஏதோ விளம்பரம் என்று விரலால் தள்ளிவிட்டிருக்கிறாள். நான் அங்கேயே நின்று ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். வாடகைக்கு ஒரு கட்டணம். மின்சாரத்துக்கு ஒரு கட்டணம். நூல் கடைக்கு ஒன்று. அதே வாரத்தில் எதிர்க் கடையில் அட்டையைத் தேய்த்துக் குடித்த ஒரு காபிக்கும் ஒன்று. காபியைவிடக் கட்டணம் பல மடங்கு.

சித்தி போனை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "அந்தக் காபியில அப்படி என்னதான் போட்டிருந்தாங்க?" என்றாள்.

கவுண்டர் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைக் கையால் மூடிக்கொண்டார். மெத்தையைத் திருப்பி நீட்டினார்.

"வெச்சுக்க தாயி. உனக்குத்தான் தச்சேன். பேங்க்குக்கா தச்சேன்?"

ஆனால் வெளியே வந்ததும் சித்தி படியில் உட்கார்ந்துவிட்டாள். பழைய மெசேஜ்களையும் படிக்கச் சொன்னாள். பல மாதங்களாக முதல் வாரத்தில் இதே கதை நடந்திருக்கிறது. நான் போனிலேயே கூட்டிப் பார்த்தேன். இரண்டு வருடமாக அவள் ஒரு கடையின் கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்துத் திரும்பிய நீராவி இஸ்திரிப்பெட்டியை அந்தக் காசில் எப்போதோ வாங்கியிருக்கலாம்; வாங்கியிருந்தால் அதற்குள் அது ஒரு முறை பழுதாகியும் இருக்கும்.

வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, முன்பணம் வாங்கு என்பது. சித்தப்பா வேனைத் துடைத்துக்கொண்டே, "ஊர் உலகமே அட்வான்ஸ் வாங்கித்தான் தொழில் பண்ணுது. நீ மட்டும் என்ன, மடிப்புத் தச்சப்புறம் கை நீட்டுறேன்னு விரதமா?" என்றார்.

மனசில்லாமல் ஒரு முறை வாங்கிப் பார்த்தாள். மாடி வீட்டுக்கார அம்மாள் ஒருவரின் கூடத்துத் திரைகள். காசு கொடுத்தாகிவிட்டதல்லவா, அந்த அம்மாளுக்குப் பொறுமை இல்லை. "இன்னும் குண்டூசியோடயே தொங்குது, விருந்தாளி வர்றாங்க, இன்னைக்கே முடிச்சுக் குடுங்க" என்று பிடித்துக்கொண்டார். கை நீட்டி வாங்கிய காசு வாயைக் கட்டிவிட்டது. சித்தி அன்றே மடிப்பைத் தைத்தாள். பத்தே நாளில் திரை இறங்கித் தரையைப் பெருக்க ஆரம்பித்தது. மடிப்பைப் பிரித்து, கூலியில்லாமல் மறுபடி தைத்துக் கொடுத்துவிட்டு, அன்று மாலை வெட்டு மேசை மீது ஏறி உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னாள்.

"துணிய அவசரப்படுத்த முடியாது. பேங்க்க மாத்தலாம்."

"பேங்க் மாத்துறது என்ன சட்டை மாத்துறதா?" என்றார் சித்தப்பா.

"துணி எடுக்குறது மாதிரிதான். கைல பிடிச்சுப் பாக்கணும், வெளிச்சத்துல பாக்கணும், திருப்பிப் பின்பக்கத்தையும் பாக்கணும்."

பார்த்தாள். எனக்கு வேலை இல்லாத நாள்களில் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். எல்லா இடத்திலும் அவள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

முதலில் போனது கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கும் வங்கிக்கு. உட்கார்ந்தால் எழ மனம் வராத சோபா. கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர் தண்ணீர் கொடுத்து, மூன்று நிறங்களில் அட்டைகளை விரித்தார். சித்தி அட்டைகளைத் தொடவில்லை.

"தம்பி, ஒரு நாள் என் கணக்குல காசு இல்ல. அன்னைக்குப் பார்த்து வாடகை போகணும். என்ன செய்வீங்க?"

"அந்த மாதிரி நடக்கவே நடக்காது மேடம். எங்க கஸ்டமர்ஸ் எல்லாம் பெரிய லெவல்."

வெளியே வந்ததும் சித்தி என் காதில் சொன்னாள்: "சாயம் போகவே போகாதுன்னு சத்தியம் பண்றான் பாரு. ஒரே தண்ணியில வெளுத்துரும்." ஆனால் அந்தச் சோபாவின் தையலை அவள் மெச்சினாள்.

அடுத்தது போனுக்குள்ளேயே இருக்கும் வங்கி. கட்டணமே இல்லை என்றார்கள். கிளையும் இல்லை. சித்தியின் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கூலியை நோட்டாகத்தான் தருவார்கள். அதை எங்கே கட்டுவது என்று கேட்க அவர்களுடைய எண்ணை அழைத்தோம். பதிவு செய்த குரல் ஒன்று, ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்றது.

"நல்லா இருக்கியாம்மா? ஒரு சந்தேகம் கேக்கணும்," என்றாள் சித்தி.

"தவறான தேர்வு" என்றது குரல்.

"எடுத்த எடுப்புலயே இப்படிச் சொன்னா எப்படி?" என்று சித்தி அதனிடம் நியாயம் கேட்க ஆரம்பித்ததும் நான் போனைப் பிடுங்கினேன்.

மூன்றாவதைக் கண்டுபிடித்தது தற்செயல்தான். பழைய வங்கியில் கவுண்டர் பெண்ணிடம், கணக்கை மூட என்ன செய்ய வேண்டும் என்று கேட்டோம். அவர் மெத்தை மேல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "கூட்டுறவு பேங்க்கப் பாத்தீங்களா? காய்கறிச் சந்தைக்குப் பின்னால," என்றார்.

"நல்லா இருக்குமா தாயி?"

"என் சம்பளத்தையே அங்கதான் மாத்தி வெச்சிருக்கேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

கூட்டுறவு வங்கியில் இரண்டு கவுண்டர், ஒரு மின்விசிறி. அதுவும் அதிகாரியின் பக்கம்தான் சுற்றியது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர் சித்தியின் கேள்வியைக் கடைசி வரை கேட்டார்.

"காசு இல்லன்னா வாடகை போகாது. திரும்பிடும். முந்தின நாளே உங்க மொழியில போனுக்குத் தகவல் வரும். அதுக்குள்ள கட்டுனா போகும், இல்லன்னா அடுத்து நீங்க சொல்ற தேதியில மறுபடி அனுப்புவோம். கட்டணம் கிடையாது."

சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சரி. இப்ப பின்பக்கத்தக் காட்டுங்க."

அதிகாரி திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். நான் விளக்கினேன்: குறைகளைக் கேட்கிறாள்.

அவர் விரல் மடக்கி எண்ணினார். பணம் எடுக்கும் இயந்திரம் ஊரிலேயே இரண்டுதான். சனிக்கிழமை பூட்டிவிடுவார்கள். கணினி மதியத்துக்கு மேல் தூங்கும். கடன் கேட்டால் நிறையக் கேள்வி கேட்பார்கள். "அப்புறம் அந்த ஜன்னல்," என்றார். "சாயங்காலம் வெயில் நேரா என் கண்ணுல அடிக்கும். திரை போட மனு குடுத்து நாளாச்சு."

சித்தி அந்த ஜன்னலை ஏற்கெனவே கண்ணால் அளந்துவிட்டிருந்தாள். அன்றே கணக்குத் திறந்தாள்.

அடுத்த மாதக் கடைசி நாளன்று போனில் தகவல் வந்தது. சித்தி தானே எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தாள்: நாளை வாடகைக்குப் பணம் போதாது. இந்த முறை நடனப் பள்ளி ஒன்றின் நெடிய திரைகள். மாட்டி நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. நாங்கள் அங்கே போனோம். அன்றே தைத்தால் அன்றே கூலி. நடன ஆசிரியையும் தயாராக இருந்தார். சித்தி முழங்காலிட்டு அளந்தாள். எழுந்து, மறுபடி உட்கார்ந்து அளந்தாள்.

"இன்னும் இறங்குது," என்றாள். ஊசிப் பெட்டியை மூடிவிட்டாள்.

மறுநாள் வாடகை திரும்பியது. கட்டணம் எதுவும் இல்லை. ஆனால் இப்போது நடுவில் வங்கி இல்லை. கீழே இருப்பவரிடம் அவளே போய்ச் சொல்லியாக வேண்டும். மாடிப்படியில் இரண்டு முறை இறங்கி இரண்டு முறை ஏறினாள். மூன்றாவது முறை நான் கையைப் பிடித்து இழுத்துப் போனேன்.

சைக்கிள் கடைக்காரர் ஒரு சக்கரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்த மாச வாடக ஒரு வாரம் ஆகும்," என்றாள் சித்தி ஒரே மூச்சில்.

"சரி தங்கச்சி," என்றார். சக்கரத்தைச் சுற்றிவிட்டார்.

சித்தி நகரவில்லை. "சரியா?"

"மேல மெஷின் ஓடுற சத்தம் நாள்பூரா கேக்குது. அது கேக்குற வரைக்கும் வாடக எங்க போயிடும்? சத்தம் நின்னாத்தான் எனக்குக் கவல."

"அந்தத் தட்டச்சுக்காரங்க நாற்காலிய..." என்று சித்தப்பா பின்னாலிருந்து இழுத்தார். அவர் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை.

"எந்த நாற்காலி? இதுவா?" சைக்கிள் கடைக்காரர் எழுந்து தான் உட்கார்ந்திருந்ததைக் காட்டினார். "போகும்போது அவங்களே குடுத்துட்டுப் போனாங்க. நல்ல மனுஷங்க. உக்காந்தாத்தான் இடுப்பு வலிக்குது."

சித்தி அந்த நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். படியேறும்போது சிரித்தாள், மேலே வந்து துணிச் சுருள்களுக்கு நடுவே நின்று சிரித்தாள். "ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த கேட்டிருந்தா ஒரு இஸ்திரிப்பெட்டி மிச்சம்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. சித்தப்பாவுக்கும் தொற்றிக்கொண்டது. தன் பங்குக்கு, அந்தக் காபியை இனிமேல் கனவில்கூடக் குடிக்காதே என்றார்.

அதன் பிறகு அவள் செய்த முதல் காரியம், சுவரோரம் கிடந்த தையல் இயந்திரத்தைச் சைக்கிள் கடைக்காரர் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே நகர்த்திப் போட்டது. அடுத்தது, கீழே இருக்கும் நாற்காலிக்கு ஒரு மெத்தை வெட்டியது. அதைத் தைக்க உட்கார்ந்தவள், ஒன்றுமே தைக்காத நேரத்திலும் சும்மா கொஞ்ச நேரம் இயந்திரத்தை ஓட்டினாள்.

"நூலே கோக்கல, எதுக்கு ஓட்டுற?" என்றார் சித்தப்பா.

"அண்ணன் நிம்மதியா வேல பாக்கட்டும்," என்றாள் சித்தி, மிதியை இன்னும் கொஞ்சம் வேகமாக அழுத்தி.