சட்டைப்பையில் நாற்பத்தொரு கொட்டை

புளி மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்டபோதுதான் முதலில் தெரிந்தது. தொப்புளுக்கு மேலே எலுமிச்சை அளவில் ஒரு வீக்கம். இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போகும். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். ஜவ்வாது மலையில் புளி, பலா, தேன் வாங்கி இறக்கியே சொந்தமாக மூன்று வண்டி நிறுத்தியிருக்கிறேன். இந்த வீக்கமா என்னைச் சாய்க்கும் என்று துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரிந்தேன். நீங்கள் அப்படித் திரியாதீர்கள்.

ஹெர்னியா (வயிற்றுத் தசை விட்டுப்போய்க் குடல் பிதுங்குவது) என்றார் போளூர் டாக்டரம்மா. ஆபரேஷன் இப்போது முடியாதாம்.

"வயித்துல இவ்ளோ கொழுப்பு இருந்தா போட்ட தையல் நிக்காது ஐயா. பன்னெண்டு கிலோ குறைங்க. வாயில போறது எல்லாத்தையும் நோட்டுல எழுதுங்க. வீக்கம் உள்ள போகாம வலிச்சா உடனே ஓடியாந்துடணும். குடல் இறுகி ரத்தம் நின்னுச்சுன்னா உசுருக்கே ஆபத்து."

எழுதினேன். காலையில் சாமைக் கஞ்சி ஒரு சொம்பு. மதியம் ஒரு கரண்டி சோறு, கீரை. ராத்திரி இரண்டு இட்லி. இரண்டு மாதம் இப்படிக் கிடந்தும் குறைந்தது அரைக் கிலோ.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். "இதுல ஏதோ விட்டுப்போச்சுங்க ஐயா."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "பொய் எழுதறவனா நானு? மூட்டையத் தூக்கிப் பாத்தே எடை சொல்றவன்மா. மொதல்ல உங்க மிஷின மாத்துங்க!"

மறுநாள் வீட்டுக்காரி என்னோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அவளுக்கு எழுதத் தெரியாது. மடி நிறையப் புளியங்கொட்டை வைத்திருந்தாள்.

முதல் ஊரில் பலா. சுளை பார்க்காமல் எவன் வாங்குவான்? மூன்று பழத்துக்கு மூன்று சுளை. என் சட்டைப்பையில் மூன்று புளியங்கொட்டையைப் போட்டாள்.

"இன்னாடி பண்ற?"

"நீ உன் வேலையப் பாருய்யா."

அடுத்த ஊரில் தேன். நாலு டின், தொட்டு நக்கியது நாலு விரல், நாலு கொட்டை. தேன்காரர் வெல்லக் காப்பி நீட்டினார். "வெறும் வாயோட அனுப்புவனாண்ணா?" அதற்கும் ஒன்று. இப்படியே மலை முழுக்க.

மலையடிவாரத்தில் சந்தவாசல் ஊரில் இறங்கிப் பையைக் கவிழ்த்து எண்ணினாள். நாற்பத்தொன்று.

"ருசி பாக்கறதும் திங்கறதும் ஒண்ணாடி? நாப்பது வருசத் தொழிலு!"

"அது தொழிலுன்னு உன் குடலுக்குத் தெரியுமாய்யா?"

கடைத்தெரு திரும்பிப் பார்க்கக் கத்தினேன். நான் எதையும் மறைக்கவில்லை. தட்டில் போட்டுத் தின்றால்தான் சாப்பாடு என்று இருந்தேன். இன்றைக்கும் கோபம் ஆறவில்லை. இட்லி எத்தனை, சோறு எத்தனை என்று கேட்டார்களே, ஐயா உங்களுக்கு என்ன தொழில் என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தர் கேட்டார்களா? அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். நாக்கில் வைத்துத் துப்பினால் கூட எழுதுங்கள்.

பன்னிரண்டு கிலோ இறங்கப் பதினோரு மாதம் ஆனது. உள்ளே வலை (தசை விடாமல் தாங்கும் துணி போன்றது) வைத்துத் தைத்திருக்கிறார்கள். குனிந்தால் அந்த இடம் மட்டும் வேறு யாருடையதோ போல இழுக்கிறது.

தேனை இப்போது விரலில் தேய்த்துப் பார்ப்பதோடு சரி. சுளையை வீட்டுக்காரி மென்று தலையாட்டுகிறாள். என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த மலைக்காரர்கள் அவள் முகத்தைப் பார்க்கிறார்கள். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

முன்பெல்லாம் ஒரு ஊரில் வாயில் போட்டது கரைவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். அதே ரோடு, அதே வளைவுதான். வெறும் வாயோடு போகும்போதுதான் தெரிகிறது, அது எவ்வளவு தூரம் என்று.