அத்தை விரித்த நூல் படுக்கை

அந்த வருஷத்தை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது அத்தையின் உள்ளங்கையில் இருந்த ஒரு பிடி வெள்ளை மயிர்தான். எங்கள் வீட்டுப் பெண்முயல் தன் நெஞ்சிலிருந்தும் வயிற்றிலிருந்தும் தானே பிடுங்கிப் போட்ட மயிர். அதை ஏந்திக்கொண்டு அத்தை கூடத்தில் நின்ற கோலத்தைப் பார்த்தால், வீட்டில் யாருக்கோ பேதி கண்டுவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். தறிக்குழியிலிருந்து எட்டிப் பார்த்த அப்பா, "சொறி புடிச்சிருக்குது. வேப்பெண்ணெய் தடவு" என்றார். அப்பாவுக்கு எல்லா நோய்க்கும் வேப்பெண்ணெய்தான். எனக்குச் சளி பிடித்தபோதும் அதையேதான் சொன்னார்.

ஜலகண்டாபுரத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தறி ஓடியது. முயல் வளர்த்தது மட்டும் எங்கள் வீட்டில்தான். மேட்டூரில் அணை வேலை முடிந்து ஒரு துரை கப்பலேறியபோது, அவர் வீட்டுச் சமையல்காரர் அப்பா நெய்த இரண்டு துண்டுகளை வாங்கிக்கொண்டு, ஒரு முயல் ஜோடியைத் தேயிலைப் பெட்டியோடு அப்பாவின் தலையில் கட்டிவிட்டார். அப்பாவின் தங்கையான அத்தை அன்றே அவற்றைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். காலையில் அருகம்புல், மாலையில் முருங்கைக்கீரை. ஆண்முயல் ஒரு நாள் வெளியே வந்து, தறியில் ஏற்றக் கஞ்சி போட்டு நீட்டியிருந்த பாவு நூலின் ஓரத்தைச் சாப்பாடு என்று எண்ணிக் கடித்து வைத்தது. அப்பா தாம்தூம் என்று குதித்தார். அத்தை உட்கார்ந்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகத் தேடி முடிந்தாள். எந்த இடத்தில் அறுந்தது என்று பிறகு அப்பாவுக்கே தெரியவில்லை.

அவள் விரல்கள் அப்படி. தெருவில் யார் தறியில் புதுப்பாவு பிணைப்பதென்றாலும் அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். கைராசிக்காரி, அவள் தொட்டால் பாவு அறாமல் ஓடும் என்பார்கள். அப்படிச் சொன்னவர்களே, தங்கள் வீட்டில் பச்சைக் குழந்தை இருந்தால் அவளைக் கண்டதும் கதவை ஒருக்களித்து வைப்பார்கள். வாழப்போன இடத்தில் அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டும் பத்து நாள் தாண்டவில்லை. புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டான், அத்தை அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரே கைக்கு நூலில் ஒரு ராசி, பிள்ளையில் ஒரு ராசி என்று பங்கு போட்டுக் கொடுத்தது யார் என்று எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

அப்போது அம்மா நிறைமாதம். பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி ஒரு நாள் வந்து, அத்தை காதில் விழும்படியே அப்பாவிடம் சொன்னாள்: "உங்க தங்கச்சி ஊட்டுல இருந்தா நா வரமாட்டனுங்க. ராசிபுரத்துல உங்க சொந்தக்காரங்க ஊட்டுல மூணு மாசம் இருந்துட்டு வரட்டுமுங்க." அப்பா தறியை மிதித்துக்கொண்டே இருந்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்பது வயது. மருத்துவச்சி போன பிறகு அத்தை அழவில்லை. "அண்ணா, முயலு குட்டி போடப்போவுதுங்க. குட்டிங்க எங்கையில பத்து நாளு பொழச்சுக் கெடந்தா நா இங்கயே இருக்கறனுங்க. ஒண்ணு போனாலும் நானே பொறப்பட்டர்றேன்" என்றாள்.

அதற்கு மறுநாள்தான் அந்த மயிர் விவகாரம். சொறியுமில்லை, ஒன்றுமில்லை. பிறக்கப்போகிற குட்டிகளுக்குத் தாய்முயல் படுக்கை போட்டிருக்கிறது. அது புரிந்ததும் அத்தைக்கு மனம் பொங்கிவிட்டது. அது தன் உடம்பு மயிரையே பிடுங்கிப் போட்டிருக்கிறதே, நாம் சும்மா இருப்பதா என்று, தறியடியில் சேர்ந்திருந்த சிக்கு நூலையெல்லாம் அலசிக் காயவைத்துப் பெட்டிக்குள் மெத்தென்று விரித்தாள். காடுகரை வைத்திருப்பவர்கள் என்றால் வைக்கோலைப் போட்டிருப்பார்கள். நெசவு வீட்டில் மெத்தென்றிருப்பது நூல்தானே? மறுநாள் காலை அந்த நூல் மேல் ஆறு குட்டிகள் கிடந்தன. மயிரில்லை, கண் திறக்கவில்லை, விரல் நீளம்கூட இல்லை.

மூன்றாம் நாள் காலை பெட்டிக்குள் கீச்சென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தோம். குட்டிகள் நெளிந்து நெளிந்து நூலைத் தங்கள் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றின் பின்னங்கால் இறுகி நீலம் பாரித்து வீங்கியிருந்தது. இன்னொன்றின் கழுத்தில் இரண்டு சுற்று. அத்தை நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். மனிதர் தொட்டால் தாய் பால் கொடுக்காது என்று தெருவே சொல்லியிருந்தது. தொட்டாலும் சாவு, தொடாவிட்டாலும் சாவு. ஒரு கணம்தான் நின்றாள், பிறகு உட்கார்ந்துவிட்டாள். கத்தரி நுழைய இடமில்லை. பாவில் அறுந்த இழையைத் தேடுகிற அதே விரல்கள், குட்டியின் தோலுக்குள் புதைந்த இழையை நக நுனியால் நிமிண்டி எடுத்துச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தன. ஆறு குட்டிகளையும் விடுவித்துவிட்டு நூலையெல்லாம் வாரி வெளியே எறிந்து, நான் ஓடிப்போய் வாங்கிவந்த வைக்கோலைப் போட்டாள்.

அன்று பகல் முழுக்கத் தாய்முயல் மூலையில் உட்கார்ந்து புல்லைக் கொறித்தது. குட்டிகள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மனுசக் கை பட்டுருச்சு. இனி தாயி குட்டிங்களச் சேத்தாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாள். பொழுது சாய்வதற்குள் அத்தை தன் மாற்றுச் சேலைகள் இரண்டையும் மடித்து மூட்டையாகக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டாள். சாப்பிடச் சொன்னதற்குப் பசியில்லை என்றாள். நான் அவள் மடியில் தலைவைத்துக் கிடந்தேன். "நீ எதுக்கு சாமி அழுவற?" என்று என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

விடிந்தபோது அம்மாவின் குரல்தான் எங்களை எழுப்பியது. இடுப்பு வலியில் தூக்கம் பிடிக்காமல், கிழக்கு வெளுக்கும்போதே எழுந்து பெட்டிக்கு எதிரில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். தாய்முயல் சத்தமில்லாமல் பெட்டிக்குள் குதித்துக் குட்டிகள் மேல் நின்றதாம். ஒரு வெற்றிலை போட்டு மெல்லும் நேரம்தானாம், திரும்பவும் மூலைக்குப் போய்விட்டதாம். "வந்து பாரு கண்ணு! ஒவ்வொண்ணுக்கும் வயிறு சொரக்குடுக்கையாட்ட இருக்குது!" என்று அம்மா கத்தினாள். உண்மைதான். வயிறுகள் உருண்டு மினுங்கின. முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவைதான் பால் கொடுக்கும், மனிதர் தொட்டதற்காகக் குட்டியைத் தள்ளாது என்று பல வருஷம் கழித்துச் சேலத்தில் ஒரு கால்நடை டாக்டர் எனக்குச் சொன்னார். இதை அன்றே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அத்தை பெட்டியருகில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மா கதவோரம் போய், குனிய முடியாமல் குனிந்து, மூட்டையை அவிழ்த்தாள். சேலைகளை ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "நல்லா நைஞ்சு மெத்துனு இருக்குது. தூளி கட்ட ஒண்ணு, அது நனஞ்சா மாத்திக் கட்ட ஒண்ணு" என்றாள்.

அத்தை பதறிவிட்டாள். "அண்ணி, வேண்டாமுங்க. இன்னும் ஏழு நாளு இருக்குதுங்க."

"அது முயலுக்கு. எம்புள்ளைக்கு நா நாளு எண்ணல" என்றாள் அம்மா. இத்தனை நாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவா இது என்று எனக்கு நம்பவே முடியவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு கல்லை எடுத்தாற்போல் இருந்தது. இப்போது இதை எழுதும்போதும் அப்படியே இருக்கிறது.

ஆறு குட்டிகளும் பிழைத்தன. கால் வீங்கியது மட்டும் கடைசி வரை நொண்டியது. தம்பி பிறந்தபோது மருத்துவச்சியும் முணுமுணுத்துக்கொண்டே வந்து சேர்ந்தாள். அவனை வாங்கி முதலில் குளிப்பாட்டியது அத்தை. இன்று அவனுக்குப் பேரன்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவிலும் எனக்கு மிகவும் பிடித்தது அப்பா பேசிய ஒரு வார்த்தை. தம்பி பிறப்பதற்கு முன்பு, அந்த வாரமே மருத்துவச்சி வாசலில் வந்து நின்று, "தங்கச்சிய ராசிபுரம் அனுப்பீட்டீங்களா?" என்று கேட்டாள். அப்பா தறியை நிறுத்தினார். தலையைச் சொறிந்தார். "மாத்துச் சேல இல்லீங்க. எப்படிங்க அனுப்பறது?" என்றார். அவருக்கு முன்னால் தறிமரத்தில் பாதி நெய்த சேலை சுற்றியிருந்தது.