நரைத்த குதிரையின் வயசு

தொண்ணூறுகளில் நூற்பு இயந்திரம் பார்க்கப் பிரான்சு போன எங்கள் கூட்டத்தில் பொள்ளாச்சி மில் முதலாளி ஒருவர் இருந்தார். கோட்டுக்கு மேலேயும் துண்டு போடுபவர். எந்த மாட்டைக் கண்டாலும் வாயைத் திறந்து, பல்லைப் பார்த்து வயசு சொல்லிவிடுவார்.

மதில் சூழ்ந்த பழைய கிராமம் ஒன்றின் சந்தைக்குப் போனோம். ஒரு கடையின் மேல் குதிரைத் தலைப் பொம்மை இருந்தது.

"குதிரை விக்கறாங்களாட்ட இருக்குதுங்க. பல்லைப் பாக்கோணும், கேளுங்க" என்றார்.

சைகையில் கேட்டேன். கடைக்காரர் சிரித்தபடி கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். உள்ளே செக்கச்செவேலென்று கறி.

"குதிரையவா திங்கறாங்க?" அவருக்கு முகமெல்லாம் வெளிறிவிட்டது.

ஊர் மதில் வாசலில் மூக்கு நரைத்த வண்டிக் குதிரை ஒன்று நின்றது. அதன் வாயைத் திறந்து பார்த்தவர் உடனே மூடிவிட்டார்.

"வயசு என்னங்க?" என்றேன்.

"நல்ல எளசுங்க. இன்னும் பத்து வருசம் வண்டி இழுக்குமுங்க. ஆரு கேட்டாலும் அப்பிடியே சொல்லிப்போடுங்க."