வீட்டிலிருந்து வேலை செய்த எங்கள் வாப்பா

எங்கள் வாப்பாவைத் தந்தவனும் திருப்பி அழைத்துக்கொண்டவனுமாகிய அல்லாஹ்வின் பெயரால் தொடங்குகிறேன். வாப்பா மௌத்தாகி ஓராண்டு நிறைகிறது. அவருக்காகக் குர்ஆன் ஓதும் கத்தத்திற்கு வந்திருக்கும் குடும்பத்தாருக்கும் அயலவர்களுக்கும் யாசீன் கிதாபோடு இந்தச் சிறு நினைவு மலரையும் தருகிறோம். மூத்த மகளாகிய நானே எழுத வேண்டும் என்று உம்மா சொன்னார். எழுதினால் உள்ளதைத்தான் எழுதுவேன் என்றேன். "எழுது மகள்" என்றார் உம்மா.

வாப்பா சாய்ந்தமருதில், கடற்கரைக்கு அடுத்த வீதியில் பிறந்தார். சுனாமியில் தன் உம்மாவையும் பிறந்த வீட்டையும் ஒரே காலையில் இழந்தார். பிறகு உதவி நிறுவனங்கள் ஊருக்குள் வந்தபோது, ஆங்கிலம் நன்றாக எழுதக்கூடியவர் என்று ஒரு நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்தது. வீடு வீடாகப் போய், யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கேட்டு அறிக்கை எழுதுவதுதான் வேலை. தன் உம்மாவின் பெயரையும் அந்தப் பட்டியலில் தானே எழுதியதாக ஒரு தடவை மட்டும் என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில்தான் உம்மாவைக் கலியாணம் முடித்து, எங்கள் பகுதி வழக்கப்படி கல்முனையில் உம்மாவின் சீதன வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தார்.

நிறுவனம் ஊரை விட்டுப் போனதும் தனியார் வகுப்புகளில் ஆங்கிலம் படிப்பித்தார். என் தங்கை பிறந்தபோது அதையும் விட வேண்டி வந்தது. தங்கைக்குப் பிறந்ததிலிருந்தே இழுப்பு. எந்த நேரத்தில் மூச்சு முட்டும் என்று சொல்ல முடியாது. உம்மா ஆசிரியை, ஓரளவுக்கு மேல் லீவு எடுக்க முடியாது. அப்போதுதான் வாப்பா இணையத்தில் எழுத்து வேலை தேடி எடுத்தார்.

உம்மாவின் தையல் மெஷினின் மூடிதான் அவருடைய மேசை. தங்கையின் ஏணையை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே தட்டச்சு செய்வார். உலை கொதிக்கும் நேரத்தில் ஒரு பந்தி, கறி இறக்கிய பிறகு இன்னொரு பந்தி. மெத்தைக் கம்பனிக்குக் கட்டுரை, மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் துண்டுக்கு மொழிபெயர்ப்பு என்று எது வந்தாலும் எழுதினார். அறுகம்பேயில் உள்ள விடுதிகள் பலவற்றுக்கு அவர்தான் இணையப் பக்கம் எழுதிக் கொடுத்தார். சுனாமிக்குப் பிறகு கடலில் கால் நனைக்காத மனிதர், அங்குள்ள அலைகளைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு வெள்ளைக்காரர்கள் அலைச்சறுக்குப் பலகையோடு வந்து இறங்கினார்கள்.

ஆனால் வெளிக்கிட்டுப் போகாத வேலையை எங்கள் ஊர் வேலை என்று எடுத்துக்கொள்வதில்லை. உம்மாவுடைய பாடசாலையில் கணவருக்கு என்ன தொழில் என்று கேட்டால், உம்மா "பிஸ்னஸ்" என்று சொல்லிக் கதையை மாற்றுவார். குடும்பத்தில் யாருக்கு எந்தத் தேவை வந்தாலும் முதலில் நினைவுக்கு வந்தது வாப்பாதான். மின்சாரக் கட்டணம் கட்ட, ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் பக்கத்தில் இருக்க, கலியாண வீட்டுக்குச் சட்டி பானை ஏற்ற எல்லாவற்றுக்கும் அவரையே கூப்பிட்டார்கள். "நீங்க ஊட்டுல சும்மாதானே இரிக்கீங்க" என்ற வசனத்தை இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப் பேராவது அவரிடம் சொல்லியிருப்பீர்கள். அவர் "ஓம்" என்று சொல்லிவிட்டுக் கணினியை மூடுவார். மூடாமல் ஒரு தடவையாவது மறுத்திருக்கலாம் என்று இன்று கோபம் வருகிறது.

எரிவாயுத் தட்டுப்பாடு வந்த காலத்தில் அவருக்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, ஒரு கிழமைக்குள் பத்துக் கட்டுரை எழுதித் தந்தால் மாதா மாதம் நிரந்தரமாக வேலை தருவதாகச் சொன்னது. அதே கிழமை உம்மாவின் மூத்த சகோதரரான பெரிய மாமா வந்து வாசலில் நின்றார்.

"மச்சான், கேஸ் லைன்ல ஒருக்கா நிக்கணும். உங்கட சிலிண்டரோட எங்கடயும் வெச்சிக்கங்க. எனக்குக் கடைய உட்டுட்டு வர ஏலா."

"எனக்கும் இந்தக் கிழம கொஞ்சம் அவசர வேல மச்சான்."

"அத எங்க இரிந்தும் செய்யலாம் எண்டு நீங்கதானே சொல்லுவீங்க."

வாப்பா மூன்று நாட்கள் வரிசையில் நின்றார். வெறும் சிலிண்டரின் மேல் உட்கார்ந்து, கணினியை மடியில் வைத்து, பெற்றரி தீரும்வரை எழுதினார். சாப்பாடு கொண்டுபோன நான், வரிசையில் நின்றவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்ததைக் கண்டேன். வீட்டுக்கு வந்தால் மின்வெட்டு. நான்காம் நாள் தங்கைக்கு இழுப்பு கூடி ஆஸ்பத்திரியில் வைத்தார்கள், வாப்பாதான் கூட இருந்தார். பத்தாவது கட்டுரை ஒரு நாள் பிந்திப் போனது. வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாகப் பதில் வந்தது.

"நடந்தத எழுதினா விளங்கிக்குவாங்கதானே?" என்று உம்மா கேட்டார்.

"கேஸுக்கு மூணு நாள் நிண்ட எண்டா அவங்க நம்பவா போறாங்க?" என்றார் வாப்பா. அதற்கு மேல் அந்தக் கதையை எடுக்கவில்லை.

நான் வளர வளர இன்னொரு பேச்சு தொடங்கியது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் நடக்காது. எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகள் இரண்டு. ஒரு பெருநாள் அன்று, எல்லாரும் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டைச் சுற்றி இருக்கும்போது பெரிய மாமா சொன்னார்.

"கத்தார்ல ஸ்டோர் கீப்பர் வேல ஒண்டு இரிக்கி மச்சான். கூட்டாளி எடுத்துத் தருவார். நீங்க இப்பிடித் தட்டிக்கிட்டு இரிந்தா ரெண்டு ஊடு எழும்புமா?"

வாப்பா தங்கையைக் காட்டி, "இவள ஆரு பாக்கிற?" என்று கேட்டார்.

"ஊரில புள்ள வளக்கிற ஆம்புளையா நீங்க?" என்றார் மாமா. சஹனைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். உம்மா சிரிக்கவில்லை, சஹனில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.

அப்போதும் வாப்பா சம்மதிக்கவில்லை. அவரைச் சம்மதிக்க வைத்தது நான். பாடசாலையில் ஒரு படிவம் தந்தார்கள். அதில் தகப்பனின் தொழில் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினேன். எழுத்தாளர் என்று எழுதினால் வகுப்பில் பகிடி பண்ணுவார்கள் என்று பயம். அதைக் கையொப்பத்துக்கு வாப்பாவிடமே கொடுக்க வேண்டியிருந்தது. முழுவதையும் வாசித்தார். கீழே கையொப்பம் வைத்தார். "எழுத்து வடிவா இரிக்கி மகள்" என்று சொல்லித் திருப்பித் தந்தார். அடுத்த கிழமை பாஸ்போர்ட் எடுக்கப் போனார்.

கத்தாரில் பதினொரு மாதங்கள் இருந்தார். தினமும் தங்கையின் மூச்சுச் சத்தத்தைத் தொலைபேசியில் கேட்பார். கேட்டுவிட்டு எந்த மருந்து எத்தனை தடவை என்று உம்மாவுக்குச் சொல்வார். ஒரு வெள்ளிக்கிழமை காலை அவருடைய இலக்கத்திலிருந்து வேறு ஒருவர் என்னிடம் பேசினார். வினாயகபுரத்தைச் சேர்ந்த இந்துச் சகோதரர், வாப்பாவோடு ஒரே அறையில் இருந்தவர்.

"தங்கச்சி, வீட்டில பெரியாக்கள் ஆரும் நிக்கிறாங்களா? அண்ணன் எழும்பல்ல."

மாரடைப்பு என்றார்கள். அந்த மண்ணிலேயே அடக்கினார்கள். வாப்பாவின் உடுப்புப் பெட்டியைப் பின்னர் அந்தச் சகோதரரே லீவில் வந்தபோது எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். தேநீரை வாங்கிக்கொண்டு சொன்னார்.

"அண்ணன் நல்லா எழுதுவார். எங்களுக்கு லீவுக் கடிதம், வீட்டுக்குக் கடிதம் எல்லாம் அவர்தான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வந்து தன்ர வேலைய எழுதுவார். றூம்ல எட்டுப் பேர். அவர் எழுத இருந்தா நாங்க சத்தம் போடாம வெளிய போயிருவம்."

உம்மா எழுந்து குசினிக்குள் போனார். நான் அங்கேயே இருந்தேன். முன்பின் தெரியாத ஏழு பேர் வெயிலில் போய் நின்று கொடுத்த அந்த அமைதியை, சொந்த வீட்டில் நாங்கள் அவருக்கு ஒரு மணி நேரம்கூடக் கொடுத்ததில்லை.

அந்தச் சகோதரருக்கும், ஜனாஸாவில் நின்ற அவருடைய தோழர்களுக்கும் எங்கள் நன்றி. அவர்கள் தொழுகையில் சேராவிட்டாலும் கப்ருக்கு மண் போடும்வரை நின்றிருக்கிறார்கள். தங்கையை ஆஸ்பத்திரிக்கு எத்தனையோ தடவை கூட்டிப்போன பக்கத்து வீட்டு ஓட்டோக்கார மாமாவுக்கும், உம்மாவின் பாடங்களைத் தாங்கள் எடுத்த ஆசிரியைகளுக்கும் நன்றி. வந்து அழுத எல்லாருக்கும் நன்றி சொல்லும்படி உம்மா சொன்னார். சொல்லிவிட்டேன்.

இப்படியான மலர்களில், மர்ஹூம் யார் மனதையாவது நோகடித்திருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துக்கொள்ளுங்கள் என்று குடும்பத்தார் கேட்பது வழக்கம். அந்த வரியை எழுத உட்கார்ந்தேன். வாப்பா நோகடித்த ஒருவர் பெயரும் நினைவுக்கு வரவில்லை. ஆகவே எழுதவில்லை.

அச்சுக்குக் கொடுக்குமுன் பெரிய மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார்.

"எல்லாரும்தானே சொன்ன, மகள். நான் மட்டுமா?"

"ஓம் மாமா. எல்லாரும்தான். நானும்தான்."

தாள்களை மடித்து என் கையில் தந்தார். "அப்ப அப்பிடியே போடு" என்றார்.

அப்படியே போட்டிருக்கிறேன். வாப்பாவின் கப்ரை எங்களில் ஒருவரும் இன்னும் காணவில்லை. உங்கள் பிள்ளைகள் யாராவது கத்தாரில் இருந்தால், லீவு நாளில் அந்த மையவாடிப் பக்கம் போய் ஒரு ஸலாம் சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள். எந்த இடம் என்று எங்களிடம் கேளுங்கள். கப்ரின் இலக்கத்தை எழுதித் தருகிறேன்.