ஆமத்தூர் பாட்டிலின் மேல் ஒரு சிவப்புக் கோடு

போன வெள்ளிக்கிழமை காலை எங்கள் துறைத் தொலைபேசியில் பாண்டியம்மாளின் கணவர் கருப்பசாமி பேசினார். “சார், லேப் சாவி இங்கன எங்க வீட்டுல கெடக்கு. யாரையாவது அனுப்புனீகன்னா குடுத்துவிடுதேன்” என்றார். பாண்டியம்மாளே கொண்டு வரலாமே என்று கேட்டுவிட்டேன். “அவ விடியக்காலம் போயிட்டா சார்” என்றார். மனைவியைப் பறிகொடுத்த அந்தக் காலையிலும், பூட்டிய கதவுக்கு வெளியே பிள்ளைகள் நிற்பார்களே என்று அவருக்குக் கவலை. அது யாரிடமிருந்து அவருக்கு ஒட்டிக்கொண்ட கவலை என்பது எங்கள் வேதியியல் துறையில் படித்த, வேலை பார்த்த உங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஆய்வக உதவியாளர் என்பது பாண்டியம்மாளின் பதவி. கண்ணாடிச் சாமான்களைக் கழுவி அடுக்குவது வேலை. அந்த வேலையை அவர் செய்த விதத்தைப் பார்த்து நான் பலமுறை பொறுமை இழந்திருக்கிறேன். அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை அலசியதை, நாலாவது முறையும் அலசுவார். கேட்டால், “சுத்தமா இருக்குன்னு கண்ணு சொல்லும் சார். கண்ணுக்கு என்ன தெரியும்?” என்பார்.

சில வருடங்களுக்கு முன், தீபாவளி சீசனில், கூரைகளில் விழும் முதல் மழையைப் பிடித்து அதில் ஈயம், பேரியம் போன்ற உலோகங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று பார்க்கும் ஆய்வைத் தொடங்கினேன். மாடிக்கு மாடி குழாய் வைத்து மழைநீர் சேகரிக்கச் சொல்லி அரசு வற்புறுத்திக்கொண்டிருந்த நேரம் அது. நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. ஆகவே அந்த மழைநீரில்தான் பாதி வீடுகளில் சமையல். விருதுநகர் கடைவீதி, சிவகாசி அச்சகத் தெரு, எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனிக்கு அருகே ஒரு வீடு என்று இடம் பிரித்தேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சுத்தமான இடம் வேண்டுமே என்று, பாண்டியம்மாள் குடியிருந்த ஆமத்தூரைச் சேர்த்துக்கொண்டேன். அவர் தெருவுக்குப் பக்கத்தில் கம்பெனி எதுவும் இல்லை. நோட்டில் ‘வயல்வெளி’ என்று எழுதினேன். தண்ணீர் பிடித்தது அவர் வீட்டு மாடியில்தான்.

மதுரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிய பாட்டில்களின் முடிவு வந்தபோது, ஆமத்தூர்த் தண்ணீர்தான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பாட்டிலைக் கழுவாமல் பிடித்துவிட்டார் என்று முடிவு கட்டி, மாணவர்கள் முன்னாலேயே கத்தினேன். “கழுவுனேன் சார்” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நான் நோட்டை எடுத்து, ஆமத்தூர் வரியின் மேல் சிவப்பு மையால் கோடு இழுத்து, ‘பாட்டில் அசுத்தம்’ என்று எழுதினேன். அவர் குனிந்து பிப்பெட்டுகளை அலசிக்கொண்டே இருந்தார்.

அடுத்த மழைக்கு நான் சொல்லாமலே மூன்று பாட்டில்கள் கொண்டுவந்தார். ஒன்று அவர் வீட்டு மாடியில் பிடித்தது. ஒன்று பக்கத்துத் தையல்காரர் வீட்டு மாடியில் பிடித்தது. மூன்றாவது, வயலில் ஸ்டூல் போட்டு அதன்மேல் பேசின் வைத்துப் பிடித்தது. தையல்காரர் வீட்டுத் தண்ணீரும் வயல் தண்ணீரும் சுத்தம். அவர் வீட்டுத் தண்ணீர் மட்டும் பழையபடியே இருந்தது.

முடிவு வந்த அன்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “வயல்வெளின்னு எழுதியிருக்கீக சார். கம்பெனி வேன் தெனமும் எங்க தெருமுக்குலதான வந்து நிக்குது. எங்க வீட்டுக்காரவுக அதுலதான் பட்டாசு மருந்து ஒட்டுன துணியோட வருவாக. அடுப்பு எரியிற வீட்டுக்குள்ள அது ஆகாது, ஒரு பொறி பட்டா என்னத்துக்கு ஆகும்னு நான்தான் மாடிக்குப் போய் உதறச் சொன்னேன். என்னையப் பாத்து, கம்பெனிக்குப் போற அம்புட்டு வீடும் மாடியில உதறுது. அம்புட்டும் கொழா வழியா டிரம்முக்குத்தான சார் வந்திருக்கு? அதுலதான நான் ஒலை வச்சேன்?” என்று சொல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

நான் அப்போது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எண்களை நோட்டில் ஏற்றத் தொடங்கினேன். இன்னும் ஒரு வருடம் பார்த்து, அறிக்கை தயாரான பிறகு ஊருக்குச் சொல்லலாம் என்றும் புத்தி சொன்னேன். “அறிக்கைக்கு முன்னாடி மழை வந்துருமே சார்” என்றார்.

அவர் காத்திருக்கவில்லை. தன் வீட்டுக் குழாயை டிரம்மிலிருந்து பிடுங்கிவிட்டு, வாசலில் ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் வைத்தார். வேனிலிருந்து இறங்கி வருகிறவர்கள் மேல்சட்டையை உதறாமல் அதில் அமுக்கிவிட்டு, கைகால் முகம் கழுவித்தான் வீட்டுக்குள் நுழையலாம். பிறகு வீடு வீடாகப் போய்ச் சொன்னார். “காலேஜ்ல பாட்டில் கழுவுறவ நமக்குப் பாடம் எடுக்க வந்துட்டா” என்று சிரித்தார்களாம். “ஆமா, கழுவுறவளுக்குத்தான அழுக்கு தெரியும்” என்று இவரும் சிரித்துக்கொண்டே அடுத்த வாசலுக்குப் போயிருக்கிறார்.

கடைசி இரண்டு மாதமாக அவருக்குச் சிறுநீரகக் கோளாறு. மதுரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைச்சல். தேறிய நாளில் வேலைக்கு வந்துவிடுவார், அப்படித்தான் சாவி அவரிடமே இருந்தது. அந்தத் தண்ணீரால்தானா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

சாவியை வாங்க நானே போனேன். திருப்பூரிலிருந்து மகள் வர வேண்டியிருந்ததால் மாலைவரை உடலை வைத்திருந்தார்கள். வேன் வந்து நின்றது. சேலைக்கு மேல் ஆண்களின் சட்டையை மாட்டியிருந்த ஒரு பெண், கையெல்லாம் அலுமினியப் பொடி மினுங்க, “யக்கா…” என்று கதறிக்கொண்டு ஓடிவந்தார். வாசலில் தொட்டியைக் கண்டதும் நின்றுவிட்டார். “இன்னைக்கு ஒருநா அப்படியே வா தாயி” என்றார் கருப்பசாமி. “வேண்டாம்ணே, அக்கா வையும்” என்று சொல்லி அந்தப் பெண் அழுதபடியே சட்டையைக் கழற்றித் தண்ணீரில் அமுக்கினார். முழங்கைவரை தேய்த்துக் கழுவினார். அவருக்குப் பின்னால் வேனில் வந்த அத்தனை பேரும் தங்கள் முறைக்காக வரிசையில் நின்றார்கள்.

மறுநாள் ஆய்வகத்தைத் திறந்து அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. இத்தனை வருடம் தினமும் பக்கத்தில் நின்றிருந்தும் அவரிடம் சொல்லாததை, அதன் கீழே எழுதிக் கையெழுத்திட்டேன்: ‘பாட்டில் சுத்தமாகத்தான் இருந்தது. தவறு என்னுடையது.’ அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பக்கம்தான். அதைப் படித்துப் பார்க்க அவர் இல்லை.